பெட்ரோல் கசிந்த மண்ணும் நிலத்தடி நீரும்: சுத்திகரிப்பு அமைப்பைக் கண்காணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியோ, டிப்போவுக்குப் போகும் குழாயோ கசிந்த இடங்களில் சுத்திகரிப்பு அமைப்பை நிறுவியாயிற்று, ஓடவும் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சைட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதியிருந்தாலும், பங்க் உரிமையாளர்களும் அக்கம்பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்களும் படிக்கலாம்.

எந்த மாதிரி அமைப்புகளைப் பற்றிப் பேசுகிறோம்?

பெட்ரோல் கசிவுக்கு அதிகம் பயன்படுவது மூன்றின் கூட்டு. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணிலிருந்து, அதில் இறக்கிய குழாய்க் கிணறுகள் வழியாக ப்ளோயர் வைத்து ஆவியை இழுப்பது மண் ஆவி உறிஞ்சல். களத்தில் இதை எஸ்விஇ என்பார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்தி, நீரில் கரைந்த பெட்ரோலை ஆவியாக்கி மேலே தள்ளுவது காற்றூட்டல், அதாவது ஸ்பார்ஜிங். நீரை இறைத்து மேலே சுத்தம் செய்வது மூன்றாவது. கிணற்றில் பெட்ரோல் தனிப்படலமாக மிதந்தால், முதலில் அதை ஸ்கிம்மர் வைத்து எடுத்தாக வேண்டும்.

ப்ளோயர் நிற்காமல் ஓடுகிறது, ஹவர் மீட்டரும் ஏறுகிறது. இன்னும் என்ன கண்காணிக்க வேண்டும்?

இயந்திரம் ஓடுவது வேறு, மண் சுத்தமாவது வேறு. வால்வு ஒன்று பாதி மூடியிருந்தாலும், கிணற்றின் துளையிட்ட குழாய்ப் பகுதி (வடிபகுதி) தண்ணீரில் மூழ்கியிருந்தாலும், வெளிக்காற்றைக் கலக்கும் வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் ப்ளோயர் அதே சத்தத்தோடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். 98% நேரம் ஓடியதாக அறிக்கை போகும். மண்ணிலிருந்து வந்த பெட்ரோல் கால் கிலோகூட இருக்காது.

கண்காணிப்பு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று எத்தனை கிலோ வெளியே வந்தது? மிச்சம் எங்கே இருக்கிறது? அமைப்பை நிறுத்தினால் அளவு மீண்டும் ஏறுகிறதா? இவற்றுக்கு உதவாத அளவீட்டை எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை அளக்க வேண்டும்?

முதல் நாள் மணிக்கொரு முறை, முதல் வாரம் தினமும், முதல் மாதம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆவியின் செறிவு முதல் சில நாட்களில்தான் வேகமாகச் சரியும். அந்தச் சரிவைத் தவறவிட்டால், பின்னால் வரும் எண்களை எதனோடும் ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு முறையும் லாக் புக்கில் ஏற வேண்டியவை: ஹவர் மீட்டர், ஒவ்வொரு கிணற்றுத் தலையிலும் வெற்றிடம் (ப்ளோயர் உறிஞ்சும் இழுப்பு), காற்றோட்டம், ஆவிச் செறிவு, ஈரம் பிரிக்கும் தொட்டியில் சேர்ந்த தண்ணீர், ப்ளோயருக்கு முன்னும் பின்னும் அழுத்தம், வெப்பம், மின் மீட்டர். எந்த வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அது இல்லாத லாக் புக்கை வைத்து ஆறு மாதம் கழித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நாளில் எத்தனை கிலோ பெட்ரோல் வெளியே வருகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

காற்றோட்டத்தைச் செறிவால் பெருக்கினால் போதும். அலகு மாற்றத்தில்தான் கவனம் வேண்டும். 25 டிகிரி செல்சியஸில், பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவை மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45-ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். பெட்ரோல் ஆவிக்கு ஹெக்சேனின் மூலக்கூறு எடையான 86-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஆக 1,000 பிபிஎம் என்பது ஏறக்குறைய 3,520 மில்லிகிராம்.

நிமிடத்துக்கு 3 கன மீட்டர் காற்று வந்தால் நாளுக்கு 4,320 கன மீட்டர். 3.52 கிராமால் பெருக்கினால் 15.2 கிலோ, லிட்டர் கணக்கில் சுமார் 20 லிட்டர் பெட்ரோல்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, செறிவைக் கிணற்றுத் தலையில் எடுத்துவிட்டு, காற்றோட்டத்தை வெளிக்காற்று கலந்த பிறகு ப்ளோயர் அருகே எடுப்பது. கிலோ கணக்கு இரண்டு மூன்று மடங்கு வீங்கிவிடும். இரண்டு அளவும் ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது, வெற்றிடத்தில் உள்ள காற்றைச் சாதாரண அழுத்தத்துக்குத் திருத்தாமல் விடுவது. வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்கு வெற்றிடம் இருந்தால், குழாயில் ஓடும் 100 கன மீட்டர் உண்மையில் 75-தான்.

கிணறு வாரியாகவும் கணக்கிடுங்கள். எட்டுக் கிணறுகளில் இரண்டு மட்டுமே பெரும்பகுதியைத் தந்துகொண்டிருப்பது சாதாரணம். மீதியைக் குறைத்து, அந்த இரண்டுக்குக் கூடுதல் வெற்றிடம் கொடுப்பது செலவில்லாத மேம்பாடு.

கையில் பிடிக்கும் பிஐடி மீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா?

பிஐடி என்பது உள்ளிருக்கும் புற ஊதா விளக்கால் ஆவிச் செறிவை அளக்கும் மீட்டர். ஏற்ற இறக்கத்தைப் பார்க்க அதை நம்பலாம். சட்டப்படியான முடிவுக்கு நம்பக் கூடாது. மீட்டரை 100 பிபிஎம் ஐசோபியூட்டிலீன் வாயுவில் அன்றன்று சரிபார்க்க வேண்டும். அது காட்டும் எண் ஐசோபியூட்டிலீனுக்குச் சமமான அளவே தவிர பெட்ரோலின் அளவு அல்ல. மண்ணிலிருந்து வரும் காற்று ஈரத்தில் தோய்ந்திருக்கும். அந்த ஈரம் விளக்கின் மேல் படிந்தால் அளவு குறைவாகக் காட்டும். மாதம் ஒருமுறையாவது உலோகக் கலனில் அல்லது பையில் மாதிரி பிடித்து லேப்புக்கு அனுப்பி, இரண்டு எண்ணுக்கும் உள்ள விகிதத்தைக் குறித்து வையுங்கள்.

10.6 எலெக்ட்ரான்வோல்ட் விளக்குள்ள பிஐடிக்கு மீத்தேன் தெரியவே தெரியாது. எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்த இடங்களில் இது முக்கியம். இப்போது இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால் இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிரிகள் எத்தனாலைத்தான் முதலில் தின்னும். இருக்கிற ஆக்சிஜன் அதிலேயே தீர்ந்து, மீத்தேன் உருவாகும். பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் சிதைவது தாமதமாகி, அது கூடுதல் தூரம் பரவும். அங்கே பிஐடி பூஜ்யம் காட்டும் குழியிலும் தீப்பற்றும் அளவுக்கு வாயு இருக்கலாம்.

அதற்குத்தான் எல்இஎல் மீட்டர்: வாயு தீப்பற்றும் கீழ் எல்லையை (எல்இஎல்) எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று காட்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. வினையூக்கி மணி வகை சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போன மண்காற்றில் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆகவே ஆக்சிஜன் எண்ணைப் பார்க்காமல் எல்இஎல் எண்ணைப் படிக்கவே கூடாது. பெட்ரோல் ஆவிக்குத் தீப்பற்றும் கீழ் எல்லை சுமார் 1.4%, அதாவது 14,000 பிபிஎம்.

வெற்றிட கேஜ் மாறினால் என்ன அர்த்தம்?

கேஜை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. காற்றோட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். வெற்றிடம் ஏறி காற்றோட்டம் குறைந்தால் எங்கோ அடைப்பு: ஃபில்டர் அழுக்கு, குழாயின் தாழ்வான வளைவில் தண்ணீர் தேக்கம், கிணற்றின் வடிபகுதி மூழ்கியது. வெற்றிடம் இறங்கி காற்றோட்டம் ஏறினால் எங்கோ ஓட்டை: பிவிசி இணைப்பு விட்டிருக்கும், கிணற்றைச் சுற்றி அடைத்த பென்டோனைட் களிமண் காய்ந்து வெடித்திருக்கும், மேலே தளத்தை யாராவது உடைத்திருப்பார்கள். பங்கில் கேபிள் போடப் பள்ளம் தோண்டினால், அன்றே ஆவி உறிஞ்சலின் வீச்சு மாறிவிடும்.

இரண்டும் சேர்ந்து இறங்கினால் ப்ளோயரைப் பாருங்கள். மின்வாரியம் டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்த்துவிட்டுப் போன பிறகு ஃபேஸ் வரிசை மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது நம் ஊரில் புதிதல்ல. சத்தம் ஏறக்குறைய அதேதான் இருக்கும். சுழற்சி அம்புக்குறியைப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஃபேஸ் வரிசை ரிலேவும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் இல்லாமல் இந்த அமைப்பை ஓட்டாதீர்கள்.

வீச்சு எவ்வளவு தூரம் என்பதை வேறு வேறு தூரத்திலும் ஆழத்திலும் வைத்த மண்ணாவிக் குழாய்களில் அளக்க வேண்டும். 0.25 செ.மீ. நீர் அளவு வெற்றிடம் தெரிந்தால் வீச்சுக்குள் இருக்கிறது என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கருத்தில் அது மிகத் தாராளமான அளவுகோல். மெல்லிய வெற்றிடம் தெரிவதால் அங்கே போதுமான காற்று ஓடுகிறது என்று ஆகாது. ஆக்சிஜன் 2 சதவீதத்திலிருந்து 15-க்கு ஏறியிருந்தால் காற்று வந்து சேர்ந்திருக்கிறது. அதுவே நல்ல சான்று.

மழைக்காலத்தில் ஆவி அளவு திடீரென்று குறைகிறது. மண் சுத்தமாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறி, பெட்ரோல் ஒட்டியிருந்த மண் தண்ணீருக்குள் போயிருக்கும். போதாததற்கு வெற்றிடமும் நீரை மேலே இழுக்கும்: 100 செ.மீ. நீர் அளவு வெற்றிடம் கொடுத்தால், கிணற்றுக்குள் நீர் 1 மீட்டர் வரை உயரும். வடிபகுதியில் நீர்மட்டத்துக்கு மேலே 1.5 மீட்டர்தான் இருந்தது என்றால் மிச்சம் அரை மீட்டர். ஈரம் பிரிக்கும் தொட்டி வழக்கத்தைவிட வேகமாக நிரம்புவதுதான் இதன் முதல் அடையாளம்.

வெற்றிடத்தைக் குறையுங்கள், அல்லது நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்துங்கள். அந்த மாத எண்ணை வைத்து "90% குறைந்தது" என்று எழுதிவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் மட்டம் இறங்கியதும் அதே மண் மறுபடி வெளியே வந்து ஆவியைக் கொடுக்கும். நவம்பரை நவம்பரோடும் மே மாதத்தை மே மாதத்தோடும் ஒப்பிடுவதுதான் முறை.

கிணற்றில் மிதக்கும் பெட்ரோலின் தடிமன் குறைந்தால் நல்ல செய்திதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நீர்மட்டம் ஏறும்போது பெட்ரோல் மண்துளைகளுக்குள் சிக்கிக்கொள்ளும், கிணற்றில் படலம் மெலியும். மட்டம் இறங்கும்போது அது விடுபட்டு வடிந்து தடிமன் கூடும். பிப்ரவரியில் 5 செ.மீ., ஜூனில் 60 செ.மீ. என்று வந்தால் புதுக் கசிவு என்று பதறுவதற்கு முன் நீர்மட்டத்தைப் பாருங்கள். அதற்காகத் தொட்டியின் அழுத்தச் சோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இடைமுக மீட்டரைக் கிணற்றில் இறக்கும்போது எண்ணெய்க்கு ஒரு சத்தம், தண்ணீருக்கு வேறு சத்தம் வரும். எண்ணெயின் மேல்மட்டத்தை இறங்கும்போதும், நீரின் மேல்மட்டத்தை மீட்டரைக் கீழிருந்து மேலே தூக்கும்போதும் படிப்பது நல்லது. இறங்கும்போது முனையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு வருவதால் தடிமன் கூடுதலாகக் காட்டும். நாடாவைத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகே அடுத்த கிணறு. சுத்தமான கிணற்றிலிருந்து தொடங்கி அழுக்குக் கிணற்றுக்குப் போக வேண்டும். அவசரத்தில் இந்த வரிசையைத்தான் பலரும் மாற்றிவிடுகிறார்கள்.

நீரோட்ட வரைபடம் போடும்போது படலத்தின் எடைக்குத் திருத்தம் செய்யுங்கள். 60 செ.மீ. பெட்ரோல் மிதந்தால், 0.74 ஒப்படர்த்தியால் பெருக்கி 44 செ.மீ.-ஐ அளந்த நீர்மட்டத்தோடு கூட்ட வேண்டும். இதை விட்டால் அம்புக்குறி வேறு திசையைக் காட்டும். கண்காணிப்புக் கிணறும் தப்பான இடத்தில் தோண்டப்படும்.

ஸ்கிம்மரை எப்போது நிறுத்துவது என்பதற்கும் தடிமன் நல்ல அளவுகோல் அல்ல. படலத்தை முழுக்க எடுத்துவிட்டு, எவ்வளவு வேகமாகத் திரும்பச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையிலிருந்து வரும் கடத்துதிறன் (பெட்ரோல் மண் வழியே கிணற்றுக்கு எவ்வளவு எளிதாக ஓடி வருகிறது என்ற அளவு) நாளுக்கு 0.01 முதல் 0.07 சதுர மீட்டர் என்ற வரம்புக்கு இறங்கினால், பம்ப் வைத்து எடுப்பதில் இனி பெரிய பலன் இருக்காது என்பது அமெரிக்க வழிகாட்டுதல்களில் உள்ள அளவு.

ஸ்பார்ஜிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பாதுகாப்பு. காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடி, ஆவி உறிஞ்சும் ப்ளோயர் நின்றுவிட்டால், பென்சீன் கலந்த காற்று பக்கத்துக் கடையின் தரைக்குள் போகும். ப்ளோயர் நின்றால் கம்ப்ரசரும் தானாக நிற்க இன்டர்லாக் அவசியம். மாதம் ஒருமுறை ப்ளோயரை வேண்டுமென்றே நிறுத்தி, கம்ப்ரசர் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே விடும் காற்றைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வெளியே இழுக்கப்பட வேண்டும்.

அடுத்தது அழுத்தம். நீர்மட்டத்துக்குக் கீழே 3 மீட்டரில் காற்று நுழைய வேண்டுமானால் நீரை விலக்கவே 0.3 பார் வேண்டும். மண்ணின் எதிர்ப்புக்கு இன்னும் கொஞ்சம். காற்று போகவில்லையே என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மண் பிளந்துவிடும். தரையிலிருந்து வடிபகுதி வரை உள்ள ஆழத்தில் மீட்டருக்கு 0.165 பார் என்பது பிளவுக்கான தோராய எல்லை. 6 மீட்டருக்கு சுமார் 1 பார். அதில் 60 முதல் 80 சதவீதத்துக்குள் நில்லுங்கள். நேற்று வரை எதிர்ப்புக் காட்டிய கிணறு இன்று குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று வாங்குகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம்: பிளவு விழுந்திருக்கலாம், அல்லது கிணற்றுக் காப்பு விட்டிருக்கலாம்.

கண்காணிப்புக் கிணற்றில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7, 8 மி.கி. காட்டினால் சுற்றியுள்ள நீர் முழுக்க அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. காற்று மண்ணில் சில தடங்கள் வழியாகவே போகும். அதில் ஒரு தடம் கிணற்றைத் தொட்டால், கிணறே மீன்தொட்டி மாதிரி குமிழியிட்டுச் சுத்தமாகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி பென்சீன் அப்படியே இருக்கும். மாதிரி எடுப்பதற்கு ஓரிரு வாரம் முன்பே காற்றூட்டலை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

நீர் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும்?

பெய்லரை (கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழாய்) டமால் என்று போட்டு இழுத்து, பாட்டிலில் ஊற்றினால் பென்சீனில் ஒரு பங்கு அங்கேயே பறந்துவிடும். மெதுவாக இறைக்கும் பம்பில் நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி., நீர்மட்டம் 10 செ.மீ.-க்கு மேல் இறங்காமல் எடுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் தொடர்ந்து மூன்று அளவுகள் ஒத்துவர வேண்டும்: பிஎச் 0.1-க்குள், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள், ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டுக்குள், கரைந்த ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள். அதன் பிறகுதான் பாட்டில்.

பாட்டில் 40 மி.லி. கண்ணாடிக் குப்பி; பிஎச் 2-க்குக் கீழே போக ஹைட்ரோகுளோரிக் அமிலம். விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி, மூடியைச் சறுக்கிப் போட்டு, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். பட்டாணி அளவுக் குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி வேண்டாம், புதிதாக எடுங்கள். சுண்ணாம்பு அதிகமுள்ள நீரில் அமிலம் பட்டதும் நுரைத்துக் குமிழி வரும். அங்கே அமிலம் இல்லாமல் பிடித்து, ஏழு நாட்களுக்குள் லேப் பார்க்க வேண்டும். அமிலம் சேர்த்தால் 14 நாள். ஐஸ் பெட்டியில் 4 டிகிரி. லேப்பிலிருந்தே சுத்தமான நீர் நிரப்பி வந்த ஒரு குப்பி திறக்காமல் கூடவே பயணித்துத் திரும்ப வேண்டும். அதில் பென்சீன் தெரிந்தால் மாதிரிகள் வழியில் கெட்டிருக்கின்றன என்று பொருள். பங்கில் பெட்ரோல் நிரப்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே குப்பிகளைத் திறந்து வைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

எண் வந்ததும் இதையும் யோசியுங்கள். 1% பென்சீன் உள்ள பெட்ரோலைத் தொட்டு நிற்கும் நீரில் பென்சீன் அதிகபட்சம் ஏறக்குறைய 20 மி.கி./லி. கரையும். ஒரு கிணற்றில் 2 மி.கி.-க்கு மேல் தொடர்ந்து வந்தால், படலம் கண்ணில் படாவிட்டாலும் பக்கத்தில் எங்கோ பெட்ரோல் தனியாக இருக்கிறது என்றே சந்தேகப்படுங்கள்.

நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் பகுதியில் என்ன கெடும்?

இரும்பு. பெட்ரோல் கலந்த நிலத்தடி நீரில் ஆக்சிஜன் இருக்காது. மண்ணின் இரும்பு கரைந்து வரும். மேலே காற்றுப் பட்டதும் துருவாகி, ஸ்டிரிப்பர் (நீரில் காற்றை ஊதி மாசைப் பிரிக்கும் கலன்) தட்டுகளிலும், மாசை உறிஞ்சிப் பிடிக்கும் கார்பன் தொட்டியிலும் படியும். ஸ்டிரிப்பரின் காற்றழுத்தம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் அது துரு. சுத்தம் செய்யும் தேதியையும் அழுத்தத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினால், எத்தனை நாளுக்கு ஒருமுறை அமிலக் கழுவல் வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

இறைப்பு மாசை முழுக்கப் பிடிக்கிறதா என்று பார்க்க நீர்மட்ட வரைபடம் போடுவார்கள். இறைக்கும் கிணற்றின் மட்டத்தையே அதில் சேர்த்துவிட்டால், உண்மையைவிடப் பெரிய பள்ளம் தெரியும். கிணற்றுக்குள் நுழையும்போது ஏற்படும் அழுத்த இழப்பு அது. பக்கத்தில் சிறு குழாய்க் கிணறு ஒன்று வைத்து அதன் மட்டத்தை எடுங்கள்.

கார்பன் எப்போது மாற்ற வேண்டும்?

ப்ளோயரிலிருந்து வரும் ஆவியைப் பிடிக்க இரண்டு கார்பன் தொட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் அளங்கள். நடுவில் ஆவி தெரிய ஆரம்பித்தால் முதல் தொட்டியை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். கடைசி வாயில் தெரிந்த பிறகு மாற்றுவது தாமதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்றும் புரியும். பெட்ரோல் ஆவிக்குக் கார்பன் தன் எடையில் 10 முதல் 20 சதவீதம் பிடிக்கும். 200 கிலோ தொட்டி 20 முதல் 40 கிலோ. மேலே சொன்னபடி நாளுக்கு 15 கிலோ வந்தால், மூன்றாம் நாளே காலி. தொடக்க மாதங்களில், ஆவியை எரித்து அழிக்கும் வினையூக்கி எரிகலன் வைப்பது மலிவு. செறிவு சரிந்த பிறகு கார்பனுக்கு மாறலாம். எரிகலனுக்குள் போகும் ஆவி எல்இஎல்லின் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குத்தான் வெளிக்காற்று வால்வு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. அதற்கு முந்தைய கசிவு என்றால் வினையூக்கி கெட்டுப்போக வாய்ப்புண்டு.

ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினாலும், காற்று 40 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தாலும் கார்பனின் கொள்ளளவு குறையும். ப்ளோயரிலிருந்து வரும் காற்று தொட்டுப் பார்க்க முடியாத சூட்டில் இருக்கும். இடையில் குளிர்விப்பான் இல்லாமல் நேராகக் கார்பனுக்கு விடுவது பணத்தை வீணாக்குவது.

நுண்ணுயிரிகளும் வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரியும்?

காற்றை நிறுத்திவிட்டு மண்ணாவிக் குழாயில் ஆக்சிஜன் குறைவதை 2, 4, 8, 24, 48 மணி நேரத்தில் அளங்கள். 24 மணி நேரத்தில் 20 சதவீதத்திலிருந்து 11-க்கு வந்தால் நாளுக்கு 9%. ஒரு கிலோ ஹைட்ரோகார்பன் சிதைய 3.5 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காற்றுள்ள துளைகள் 20%, மண் அடர்த்தி லிட்டருக்கு 1.4 கிலோ என்று வைத்தால், நாளுக்கு ஒரு கிலோ மண்ணில் சுமார் 5 மி.கி. சிதைகிறது. 1,000 கன மீட்டர் மண்ணில் நாளுக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ. ஆவியாக வருவது நாளுக்கு 2 கிலோவாகக் குறைந்த காலத்தில் இந்த 7 கிலோதான் பெரிய பங்கு. பலரும் இதை அளப்பதே இல்லை. கசிவு படாத மண்ணிலும் இதே சோதனை செய்து, அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். சாதாரண மண்ணும் மூச்சு விடும்.

டீசல், மண்ணெண்ணெய் கசிவுகளுக்கு நுண்ணுயிரிகளால் சிதைவதே முதன்மை வழி. அவை எளிதில் ஆவியாகா. பெரிய ப்ளோயர் வைத்து இழுப்பது மின்கட்டணத்துக்குத்தான் உதவும்.

எதுவும் செய்யாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடாதா?

ஓரளவு ஆகும், மிக மெதுவாக. அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி அருகே 1979-ல் குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. இயற்கைச் சிதைவை ஆராயும் களமாக அந்த இடம் இன்றும் இருக்கிறது. எண்ணெயில் ஒரு பகுதி இன்னும் மண்ணில்தான் உள்ளது. இயற்கைச் சிதைவை நம்புவதென்றால் பென்சீனோடு சேர்த்து ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட் குறைவதையும், கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடுவதையும் காட்ட வேண்டும். இரும்பைக் களத்திலேயே அளக்க வேண்டும். லேப்புக்குப் போவதற்குள் துருவாகிவிடும்.

பாறை நிலத்தில் இதெல்லாம் பொருந்துமா?

மணற்பாங்கான இடத்துக்குச் சொன்ன வீச்சு, இடைவெளிக் கணக்குகள் பொருந்தா. பாறையில் நீர் வெடிப்பு வழியாகப் போகும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் போர்வெல் சுத்தமாகவும் 100 மீட்டர் தள்ளியிருப்பது நாறவும் செய்யலாம். சுண்ணாம்புப் பாறையில் இன்னும் மோசம். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தை ஒட்டிய பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் நட்ட ஈடு வழங்க உத்தரவிட்டது. அங்கே நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளிலும் குகைகளிலும் ஓடுவது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டம் போட்டுக் கண்காணிப்புக் கிணறு தோண்டுவதைவிட, மக்கள் புழங்கும் கிணறுகளையே வரிசையாகச் சோதிப்பது அதிகம் சொல்லும்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் பெட்ரோல் வாசனை வருகிறது. என்ன செய்ய வேண்டும்?

குடிக்க, சமைக்க, குளிக்கப் பயன்படுத்தாதீர்கள். சூடாக்கினால் பென்சீன் அறைக்குள் பரவும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கிணற்றருகே, சம்ப் அருகே நெருப்பு, சுவிட்ச் எதுவும் கூடாது. சம்பை மூடி போட்டு அடைக்காமல், யாரும் உள்ளே இறங்காமல், தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லுங்கள். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவு வெளியே தெரிந்ததும் வீட்டுக் கிணறுகளில் வந்த வாசனையால்தான். வாசனை நின்றுவிட்டது என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல. மூக்குக்குத் தெரிவதற்கும் மிகக் குறைந்த அளவிலேயே பென்சீன் வரம்பைத் தாண்டிவிடும்.

அமைப்பை எப்போது நிறுத்தலாம்?

இதுவரை வெளியே வந்த மொத்தக் கிலோ கணக்கின் வளைகோடு தட்டையானதும் நிறுத்தலாம் என்பது பரவலான நம்பிக்கை. தட்டையாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: மண்ணில் சரக்கு தீர்ந்திருக்கலாம், அல்லது காற்று எளிதில் போகும் மணல் மட்டும் சுத்தமாகி, களிமண்ணில் மிச்சம் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரே வழி நிறுத்திப் பார்ப்பது. முதலில் வால்வுகளைச் சரிசெய்து, கிணறுகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஒரு வாரம் ஓட்டம் ஒரு வாரம் ஓய்வு என்று பாருங்கள். அதன் பிறகும் ஆவி அளவு ஏறவில்லை என்றால் மூன்று முதல் ஆறு மாதம் முழுதாக நிறுத்தி, நீர்மட்டம் இறங்கும் காலத்தையும் அதில் சேர்த்து அளக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நிறுத்தி "ஏறவில்லை" என்று காட்டுவது கண்துடைப்பு.

நீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 5. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ல் கனிம எண்ணெய்க்கு 0.5 மி.கி. என்று இருக்கிறது. அந்த ஒரு சோதனையை மட்டும் காட்டி வேலையை முடித்துவிடக் கூடாது. அதில் தேறிய நீரிலும் பென்சீன் பல மடங்கு இருக்க முடியும். இந்தியாவில் மாசடைந்த தலங்களுக்கான மேலாண்மை விதிகள் 2025-ல் வந்துவிட்டன. உங்கள் தலத்துக்கான இலக்கு எண்ணை வேலை தொடங்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

போக்கைக் காட்டப் புள்ளியியல் சோதனை போடுவதென்றால் நான்கு மாதிரிகள் குறைந்தபட்சம். எட்டு இருந்தால் பேச முடியும். சோதனை முடிந்து இலக்கை எட்டியதாக முடிவானாலும் கிணறுகளை உடனே மூடாதீர்கள். அடுத்த கோடை வரை விட்டுவைத்து, நீர்மட்டம் ஆகக் கீழே இருக்கும் வாரத்தில் ஒரு சுற்று மாதிரி எடுத்த பிறகு சிமெண்ட், பென்டோனைட் கலவையை அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பி மூடுங்கள்.